மாமா கை நனைத்த வீடு

எங்கள் மாமாவிடம் ஒரு பிளைமவுத் கார் இருந்தது. இருந்தது என்று சொல்வது கொஞ்சம் பெருந்தன்மைதான். பாதி வண்டி மாமாவிடம் இருந்தது. மீதிப் பாதி யார் யாருடைய கொட்டகையிலோ கிடந்தது. அதைத் தேடிப் பிடிப்பதுதான் மாமாவின் வாழ்க்கை. இடையிடையே சாப்பிடுவார், தூங்குவார்.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. திருச்செங்கோட்டில் அப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. எழுபதுகளின் கடைசி. லாரிகளைப் பழுது பார்க்கிற வேலை மாமாவுடையது. லாரிக்கு என்ன வந்தாலும் பத்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ஆனால் மனசெல்லாம் பட்டறைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்த அந்த அமெரிக்க வண்டியில்தான். ஊரில் அதைப் படகுக் கார் என்பார்கள். அப்பா அதைப் பெயர் சொல்லி அழைப்பதேயில்லை. "ரிக் லாரி டீசலைக் குடிச்சுப்போட்டு மண்ணுக்குள்ள இருந்து தண்ணி எடுக்குது. உன்ற தம்பி வண்டி பெட்ரோலைக் குடிச்சுப்போட்டு என்ற கண்ணுல இருந்து தண்ணி எடுக்குது" என்று அம்மாவிடம் சொல்வார்.

மாமா எந்த ஊருக்குப் போனாலும் வீட்டைப் பார்க்க மாட்டார், வீட்டுக்குப் பின்புறத்தைப் பார்ப்பார். மேட்டூரில் கம்பெனி குவார்ட்டர்ஸ், ஏற்காட்டில் காப்பித் தோட்டம், பழைய மிராசு வீடுகள் என்று ஒன்றையும் விட்டதில்லை. ஒரு முறை ராசிபுரத்தில் பெரிய சாவுக்குப் போய்விட்டு வந்தார். யார் யார் வந்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று அம்மா ஆவலாகக் கேட்டாள். "கொட்டாய்ல ஒரு டாட்ஜ் நிக்குதக்கா. முன் கண்ணாடி முழுசா இருக்குது" என்றார். இறந்தது ஆணா பெண்ணா என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

மாமாவின் பிளைமவுத் வாகு அப்படி. மழை பெய்தால் அதன் வைப்பர் இறக்கத்தில் பேய்பிடித்த மாதிரி ஆடும், மேடு ஏறும்போது ஆடாமல் நின்றுவிடும். இரண்டாவது கியரில் பல் போய்விட்டது. போட்டால் தானாக வெளியே வந்துவிடும். அதனால் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர்க் கம்பியை மாமா ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டுவார். பானட்டின் உச்சியில் பாய்மரக் கப்பல் மாதிரி ஒரு வெள்ளிப் பொம்மை இருக்கவேண்டும். அதுவும் போன இடம் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டீயரிங் இடது பக்கம் இருந்தது. முன்னால் போகிற லாரியைத் தாண்டவேண்டும் என்றால் மாமாவுக்கு எதிரே ஒன்றும் தெரியாது, லாரியின் முதுகுதான் தெரியும். வலது ஓரத்தில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டி, "போலாம் மாமா" என்றோ "இருங்க மாமா" என்றோ சொல்வது என் உத்தியோகம். எனக்குப் பத்து வயது. ஒரு குடும்பத்தின் உயிரைத் தூக்கி என் கையில் கொடுத்திருந்தார்கள். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அரைமைல் தூரத்தில் சைக்கிள் வந்தாலும் "இருங்க மாமா"தான். ஒருமுறை கரும்பு ஏற்றிய மாட்டுவண்டி ஒன்றுக்குப் பின்னாலேயே நாமக்கல்வரை போயிருக்கிறோம். மாடுகள் அடிக்கடி திரும்பிப் பார்த்தன.

அப்படி இருக்கையில்தான் மோகனூர்ப் பக்கத்திலிருந்து சேதி வந்தது. காவிரிக் கரையோரம் ஒரு தோட்டத்துக்காரர் வீட்டில் அச்சு அசலாய் இதே வருஷத்து வண்டி, கப்பல் பொம்மையோடு நிற்கிறதாம். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஊருக்குப் போகும்போது விட்டுப் போனதாம். கியர்ப் பெட்டி கெட்டிருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அதிகம் ஓட்டவே இல்லை. ஆனால் தோட்டத்துக்காரர் அதை யாருக்கும் காட்டுவதில்லை. விலைக்குக் கேட்டு வந்தவர்களைப் படல் கதவோடு திருப்பி அனுப்பிவிட்டார். "அது என்ற பொண்ணுக்குச் சீரு. அவளைக் கட்டிக்கிறவனுக்குத்தான் அந்த வண்டி" என்று சொல்லிவிட்டாராம்.

இந்தச் சேதியைக் கொண்டுவந்தவர் மோகனூர்த் தரகர். மாடு, பூமி, கல்யாணம் மூன்றையும் ஒரே துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசி முடிக்கிறவர். அன்று ராத்திரி மாமா சாப்பிடும்போது, தலையைக் குனிந்தபடி, "அக்கா, அந்தப் பொண்ணை வேணும்னா ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே குழம்பில் விட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வயதுத் தம்பிக்காக அவள் ஏறாத மலை இல்லை, வேண்டாத சாமி இல்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்து யாராவது செத்துவிட்டார்களோ என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

மறுநாள் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு மாமா எனக்கு மட்டும் உண்மையைச் சொன்னார். "மாப்ளே, அவங்கெல்லாம் பொண்ணு பாக்கப் போறாங்க. நாம ரெண்டு பேரும் வண்டி பாக்கப் போறோம். திரும்பி வந்து ஜாதகம் சேரலைன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. பொறகு மெதுவாப் போய், வேணுங்கிறதை மட்டும் கழட்டிக் கேக்கலாம். யாருக்கும் ஒண்ணும் நட்டமில்லை." மாப்பிள்ளையாக வருகிறவன் எழுந்து கொட்டகைப் பக்கம் போகமுடியாது, பையன் போகலாம். கப்பல் இருக்கிறதா, கண்ணாடிகள் முழுசா, கியர்க் கம்பி ஆடுகிறதா என்று நான் பார்த்து வரவேண்டும். எனக்கு மார்பு ஒரு சாண் அகலமானது. பெரியவர்கள் யாருக்கும் தெரியாத ரகசியம் எனக்குத் தெரியும்.

நல்ல நாள் பார்த்துப் புறப்பட்டோம். மாமா பட்டு வேட்டி கட்டியிருந்தார். ஒற்றைப்படையாகத்தான் போகவேண்டும் என்பதால் அம்மா, அப்பா, மாமா, நான், வழியில் ஏறிக்கொண்ட தரகர் என்று ஐந்து பேர். அம்மா வழியெல்லாம் ஒரே பாடம் சொல்லிக்கொண்டு வந்தாள்: காப்பித்தண்ணி குடிக்கலாம், பலகாரம் ஒரு விள்ளல் பிட்டுக்கொள்ளலாம், இலையில் மட்டும் உட்காரக் கூடாது. எங்கள் பக்கத்து வழக்கம் அது. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். நனைத்துவிட்டு வேண்டாம் என்றால் அந்தக் குடும்பத்தை ஊர் நடுவில் நிறுத்திக் காறித் துப்பியதற்குச் சமானம். அம்மா இதை முக்கியமாக என்னைப் பார்த்தே சொன்னாள். சோற்றைக் கண்டால் நான் என் வசத்தில் இருப்பதில்லை என்று அவளுக்கு ஓர் எண்ணம்.

போனோம். ஜமுக்காளம் விரித்து உட்காரவைத்தார்கள். தோட்டத்துக்காரர் நல்ல உயரம். கல்யாண வீட்டுக்காரரைப்போல ஓடி ஓடி விசிறி எடுத்துக் கொடுத்தார். மழை, கரும்பு, ஆலைக்கு வெட்டு உத்தரவு என்று பேச்சு சுற்றிக்கொண்டிருந்தது. மாமா என்னைப் பார்த்து இருமினார். அதுதான் குறி. ஒண்ணுக்கு வருகிறது என்று சொல்லிவிட்டு நான் நழுவினேன்.

வீட்டுக்குப் பின்னால் மாட்டுச் சாளை. அதை ஒட்டி இன்னொரு சாளை, அதற்குள் வண்டி. செங்கல் அடுக்கி அதன்மேல் நிறுத்தியிருந்தார்கள். தூசி தட்டித் துடைத்திருந்தார்கள். பானட் உச்சியில் கப்பல் பளபளவென்று நின்றது. எனக்குத் திருப்பதி தரிசனம் கிடைத்தமாதிரி ஆகிவிட்டது. கதவைத் திறந்தேன், உள்ளே ஏறினேன், உளவாளி என்றால் கதவைச் சாத்தவேண்டும் என்று எனக்கு நானே முடிவு செய்து சாத்தினேன். கியர்க் கம்பியை ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது. இறங்கலாம் என்று கைப்பிடியைத் திருகினேன். கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது.

அடுத்த பக்கக் கதவு திறக்கவே இல்லை. கண்ணாடி இறங்கவில்லை. இனி என் வாழ்க்கை இந்த வண்டிக்குள்தான், என் கல்யாணமும் இதற்குள்தான் என்று தோன்றிவிட்டது. பின்சீட்டுக்குத் தாவினால் பின்கதவு திறக்கலாம் என்று ஒரு யோசனை. தாவினேன். அங்கே ஓர் அடைக்கோழி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. நான் விழுந்தது அதன்மேல் பாதி, முட்டைமேல் பாதி. அப்புறம் நடந்ததை யுத்தம் என்று சொல்லமுடியாது. யுத்தம் என்றால் இரண்டு பக்கமும் சண்டை போடவேண்டும். கோழி மட்டும்தான் போட்டது. நான் கத்தினேன், கால்சட்டையை நனைத்தேன், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தேன்.

வெளியிலிருந்து கதவு திறந்தது. சற்றே தூக்கி, இழுத்துத் திறக்கிற ஏதோ வித்தை. பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, நெற்றியில் பெரிய பொட்டு. யாரென்று யோசிக்கவே வேண்டாம். இன்னும் அவரைக் கூடத்துக்கு அழைத்திருக்கவில்லை. பின்கட்டில் காத்திருந்தவர் என் அலறலைக் கேட்டு வந்திருக்கிறார். என்னை வெளியே தூக்கிவிட்டு, முதலில் கோழியை விசாரித்தார். அப்புறம் என் கால்சட்டையைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் மொண்டு கழுவி, கொடியில் கிடந்த துண்டை என் இடுப்பில் சுற்றி முடிந்துவிட்டார். கால்சட்டையை அலசிக் கொடியில் போட்டார்.

"வண்டிக்குள்ள எதுக்கு சாமி போனே?" என்று கேட்டார்.

வேறு யாராவது என்றால் பந்து விழுந்துவிட்டது, பூனை ஓடியது என்று ஏதாவது சொல்லியிருப்பார்கள். நான் கையில் கைப்பிடியோடு, இடுப்பில் அந்நிய வீட்டுத் துண்டோடு, நின்றுகொண்டிருந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கியர்ப் பல், கப்பல், மாமாவின் இருமல் உட்பட. ஜாதகம் சேரவில்லை என்று சொல்லப்போகிறோம் என்பதையும் சொன்னேன். அந்தத் திட்டம் ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது என்று எனக்கு நினைப்பு, அதனால் அதை மட்டும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் வண்டியின் பானட்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டார். நான் சொல்லி முடித்தும் கையை எடுக்கவில்லை.

"இதைப் பிரிச்சுப் போட்டுருவாரா உங்க மாமன்?"

"இல்லீங்கக்கா. வேணுங்கிறதை மட்டும் கழட்டிக்குவாரு" என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று.

உள்ளேயிருந்து அவரைக் கூப்பிடும் குரல் கேட்டது. முகத்தைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டார். "எங்கிட்டச் சொன்னது எனக்கும் உனக்கும் மட்டும் இருக்கட்டும். எனக்குத் தெரியும்னு உங்க மாமனுக்குத் தெரிய வேண்டாம், என்ன? பாவம், சங்கடப்படுவாரு" என்றார். நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

துண்டோடு கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் சிரித்தார்கள். தரகர் சத்தமாகவே, "மாப்பிள்ளைக்கு முந்தி மாப்பிள்ளையோட மருமவனுக்குப் பொண்ணூட்டுல துணி எடுத்துக் குடுத்துட்டாங்க" என்றார். எனக்கு அந்த ஜமுக்காளத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம்போல இருந்தது. அந்த நாள் முழுவதிலும் நடந்த அவமானம் இதுதான் என்று ரொம்பக் காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக்கா வந்தார், கும்பிட்டார், காப்பி கொடுத்தார். மாமா டம்ளரைத்தான் பார்த்தார். நான் விரலால் கப்பல் இருக்கிறது என்று ஜாடை காட்டியதும் மாமா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்து அம்மா பூரித்துப் போனாள். தோட்டத்துக்காரரும் பூரித்துப் போனார். அந்தப் பூரிப்பில் அவராகவே எழுந்து, "வாங்க, வண்டியை ஒருக்காப் பாத்துறலாம்" என்று மாமாவின் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார். நான் கோழியிடம் பட்ட பாடெல்லாம் வீண்.

அரைமணி நேரம் கழித்துத் திரும்பி வந்த மாமாவை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பட்டு வேட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்திருக்கிறார். முதுகெல்லாம் சாணிப்புழுதி, தலையில் நூலாம்படை, காதுவரைக்கும் சிரிப்பு. தோட்டத்துக்காரர் அவர் தோளில் கையைப் போட்டிருந்தார். வந்த மாப்பிள்ளைகள் எல்லாம் வண்டிக்கு என்ன விலை வரும் என்று கேட்டவர்கள்; வேட்டி அழுக்கானால் பரவாயில்லை என்று அடியில் படுத்தவன் இவன் ஒருத்தன்தான் என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மாமா கியர்ப் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே நடந்தார். பேசிக்கொண்டே கை கழுவினார். பேசிக்கொண்டே, இலை போட்டிருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.

"இருங்க மாமா" என்றேன். ரோட்டில் சொல்கிற அதே குரலில்தான் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. சோறு விழுந்தது, பருப்பு விழுந்தது, நெய் விழுந்தது. மூன்றாவது கியருக்கு மாற்றும்போது பல்லும் பல்லும் எப்படிக் கோத்துக்கொள்ளும் என்பதை இரண்டு கை விரல்களாலும் காட்டிவிட்டு, அதே விரல்களால் பிசைந்து ஒரு கவளத்தை வாயில் வைத்தார்.

அம்மா வாயில் தலைப்பை வைத்து அடைத்துக்கொண்டாள். அப்பா ஒரு கணம் மாமாவைப் பார்த்தார், அப்புறம் சரிதான் என்று அவரும் உட்கார்ந்தார். தரகர் எப்போது உட்கார்ந்தார் என்றே தெரியவில்லை, அவர் இலையில் பாயசம் வந்துவிட்டது. சமையற்கட்டில் பெண்ணின் அம்மா அழுகிற சத்தம் கேட்டது. சந்தோஷத்தில் அழுகிற சத்தம்தான்.

"அப்ப வர்ற தை மாசமே வெச்சுக்கலாமுங்களா?" என்றார் தோட்டத்துக்காரர், நெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

மாமாவின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. அம்மாவைப் பார்த்தார். அப்பாவின் இலையைப் பார்த்தார். தன் இலையைப் பார்த்தார். அப்போதுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. முகத்தில் இருந்த ரத்தம் எல்லாம் இறங்கிப் போனது. தோட்டத்துக்காரர் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக என்ன என்று கேட்கிற முகமாக மாறியது.

சமையற்கட்டு வாசலில் மோர்ச்சொம்போடு அந்தக்கா நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியாது. மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

"எனக்கு இதுல இஷ்டமில்லீங்கப்பா."

தோட்டத்துக்காரர் காதில் விழாததுபோலத் திரும்பினார். அந்தக்கா இன்னொரு தடவை, குரலை உயர்த்தாமல், தெளிவாகச் சொன்னார். "இவரை எனக்குப் புடிக்கலீங்க."

பெண்ணின் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். அங்கே அடி விழுந்த சத்தம் கேட்டது, வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை. தோட்டத்துக்காரர் நெய்க் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் அதைத் தரையில் வைத்துவிட்டு எங்கள் ஒவ்வொருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார். துண்டு கட்டிக்கொண்டு நின்ற என்னையும் கும்பிட்டார். அவ்வளவு உயரமான ஆள், எனக்காகக் குனிய வேண்டியிருந்தது.

"கை நனைச்ச எடத்துல எங்களை இப்பிடி எந்திரிக்க வெச்சுட்டீங்களே" என்றாள் அம்மா. தரகர் அங்கேயே நின்றுவிட்டார். நாங்கள் நான்கு பேராக வண்டியில் ஏறினோம்.

திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டில் அம்மா அந்தப் பெண்ணை விட்டுவைக்கவில்லை. பொட்டைப்பிள்ளைக்கு என்ன நெஞ்சழுத்தம், வீடு தேடி வந்தவர்களைச் சோற்றில் வைத்து அவமானப்படுத்தியவளை இனி இந்தச் சுற்றுவட்டாரத்தில் எவன் போய்க் கேட்பான் பார்க்கிறேன், நாளைக்கே பத்து ஊருக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கும் அந்தக்காவின்மேல் கோபம்தான். எங்கள் மாமாவைப் பிடிக்கவில்லை என்று சொல்ல இவர் யார்? அதுவும் வண்டிக்கு அடியில் படுத்த மாமாவை.

நாமக்கல் தாண்டியதும் அம்மா களைத்துக் கண்ணயர்ந்தாள். மாமா என் பக்கம் சாய்ந்து, "தப்பிச்சோம்டா மாப்ளே" என்றார். சிரித்தார். "நானா வேண்டாம்னு சொல்லியிருந்தா வெட்டிப் பொலி போட்டிருப்பாங்க. நல்லவேளை, அந்தப் புள்ளைக்கே என்னையப் புடிக்கலை." நானும் சிரித்தேன். பெரியவர் ஒருவர் தன்னைச் சமமாக நடத்தும்போது பையனுக்கு ஏதாவது திருப்பிக் கொடுக்கத் தோன்றும். என்னிடம் கொடுக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தக்காகிட்ட நான் எல்லாத்தையும் முன்னாடியே சொல்லிட்டேன் மாமா" என்றேன் காதோடு. "ஜாதகம் சேரலைன்னு சொல்லப்போறோம்னு கூடச் சொன்னேன். தனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிய வேண்டாம்னு சொல்லுச்சு. நீங்க சங்கடப்படுவீங்களாம்."

மாமாவின் சிரிப்பு உடனே நிற்கவில்லை. கொஞ்ச தூரம் முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்து வைக்க மறந்த பொருள் மாதிரி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய சேதிக்கு ஒரு 'அப்படியா' கூட இல்லை. ஒரு மைல் போயிருப்போம். வண்டி ஓரம் கட்டி நின்றது. மாமா இறங்கி, முன்னால் போய், பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு அதற்குள் தலையைக் குனிந்து நின்றுகொண்டார்.

பானட்டைத் திறந்து வண்டி நின்றால் என்ன செய்யவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. பின்னால் இருந்த தகரக் குடுவையை எடுத்துக்கொண்டு, துண்டு அவிழ்ந்துவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் மேட்டில் இறங்கித் தண்ணீர் மொண்டு வந்தேன். மாமா இரண்டு கையையும் பானட்டின் விளிம்பில் ஊன்றிக்கொண்டு இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி ஒன்றும் வரவில்லை. மூடி கை வைக்கமுடியாத அளவுக்குச் சுடவும் இல்லை. திறந்தேன். ரேடியேட்டரில் விளிம்புவரை தண்ணீர் இருந்தது. இருந்தாலும் ஊற்றினேன். அது வழிந்து இன்ஜின்மேல் ஓடி, கீழே இறங்கி, மாமாவின் பட்டு வேட்டியையும் செருப்பையும் நனைத்தது. நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். அவர் போதும் என்று சொல்லவில்லை.

அம்மா விழித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி, வண்டிக்கு என்ன என்று கேட்டாள். மாமா பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லைம்மா, கொதிச்சுப் போச்சு. ஆறினதும் போயிறலாம்" என்றேன் நான், வண்டியைப் பற்றி எல்லாம் தெரிந்தவனாக.